திறக்க மறுக்கும் விளையாட்டுக் கோப்புகள்: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைச் சொல்கின்றன: கணினி விளையாட்டின் கோப்பு திறக்கவில்லை. ஆனால் காய்ச்சல் என்ற ஒரு சொல்லுக்குள் பல நோய்கள் இருப்பதைப் போல, ‘திறக்கவில்லை’ என்பதற்குள்ளும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல கோளாறுகள் இருக்கின்றன. ஆகையால் கடிதங்களைத் தனித்தனியாகவே எடுத்துக்கொண்டிருக்கிறேன். எல்லோருக்கும் பொதுவாகச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். எந்த மருத்துவத்தைத் தொடங்குவதற்கு முன்பும் அந்தக் கோப்புறை முழுவதையும் வேறொரு வட்டில் நகலெடுத்து வையுங்கள். பிறகு நகலில் மட்டும் கை வையுங்கள். மீட்டிருக்கக்கூடிய கோப்புகள் மீட்கும் அவசரத்திலேயே அழிந்துபோனதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: என் பேரனுடைய விளையாட்டின் கோப்புறையில் ‘டேட்’, ‘பாக்’ என்று முடியும் பெரிய கோப்புகள் இருக்கின்றன. அவற்றை இருமுறை சொடுக்கினால், எந்த மென்பொருளால் திறப்பது என்று விண்டோஸ் கேட்கிறது. எந்த மென்பொருளை வாங்க வேண்டும்? – ஒரு வாசகர், தாமுவே, ரங்கூன்

பதில்: எதையும் வாங்க வேண்டாம் ஐயா. அந்தக் கோப்புகள் நாம் திறப்பதற்காக வைக்கப்பட்டவை அல்ல. படங்கள், ஒலிகள், வரைபடங்கள் முதலியவற்றை விளையாட்டு தனக்காகக் கட்டி வைத்திருக்கும் மூட்டைகள் அவை. விளையாட்டு சரியாக ஓடுகிறதென்றால் அவற்றில் குறை எதுவும் இல்லை. ‘டேட்’ என்ற பின்னொட்டு ‘தரவு’ என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. ஒரு நிறுவனத்தின் டேட் கோப்புக்கும் இன்னொரு நிறுவனத்தின் டேட் கோப்புக்கும் பெயரைத் தவிர ஒற்றுமை இருக்க வேண்டியதில்லை. ‘எல்லா டேட் கோப்புகளையும் திறக்கும்’ என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களைக் கணினிக்குள் விடாதீர்கள். வைரஸ் நுழைவதற்கு அது நன்கு தெரிந்த வழி.

உள்ளே என்ன இருக்கிறது என்று அறியும் ஆவல் பேரனுக்கு இருந்தால், கோப்பின் உள்ளே இருப்பதை எண்களாகவும் எழுத்துகளாகவும் அப்படியே காட்டும் ‘ஹெச்எக்ஸ்டி’ என்ற இலவச மென்பொருளில் அந்தக் கோப்பின் நகலைத் திறந்து, முதல் நான்கு எழுத்துகளைப் பார்க்கச் சொல்லுங்கள். கோப்பின் உண்மையான இனம் பெரும்பாலும் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். 1993இல் வந்த ‘டூம்’ விளையாட்டின் தரவுக் கோப்பு ‘ஐவேட்’ என்பதற்குரிய நான்கு ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும். 1996இல் வந்த ‘குவேக்’ விளையாட்டின் கோப்பு ‘பேக்’ என்ற சொல்லோடு தொடங்கும். ‘பிகே’ என்ற இரண்டு எழுத்துகளைக் கண்டால், பின்னொட்டு எதுவாக இருந்தாலும் அது, பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டும் ஜிப் கோப்புதான். அந்த முறையை உருவாக்கிய பில் காட்ஸ் என்பவரின் பெயரின் முதலெழுத்துகள் அவை. ‘குவேக் 3’ விளையாட்டின் ‘பிகே3’ கோப்புகள் பெயர் மாற்றிய ஜிப் கோப்புகளே.

கேள்வி: ரங்கூனில் இருக்கும் என் அண்ணன் மகனிடமிருந்து ‘ஜிடிஏ வைஸ் சிட்டி’ விளையாட்டைப் பென் டிரைவில் எடுத்து வந்தோம். இடம் போதாததால் சின்னச் சின்னக் கோப்புகள் சிலவற்றை விட்டுவிட்டு, பெரியவற்றை மட்டும் எடுத்தோம். இப்போது விளையாட்டு தொடங்கியவுடன் நின்றுவிடுகிறது. ‘ஜிடிஏ3.ஐஎம்ஜி’ என்ற பெரிய கோப்பு முழுதாகவே வந்திருக்கிறது. கோளாறு எங்கே? – ஒரு வாசகர், மோல்மேன்

பதில்: நீங்கள் விட்டுவந்த சின்னக் கோப்புகளில்தான் கோளாறு இருக்கிறது. துறைமுக நகரான மோல்மேனில் இருப்பவர்களுக்குக் கிட்டங்கியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கியில், எந்தச் சரக்கு எத்தனையாவது வரிசையில் தொடங்கி எத்தனை மூட்டை வரை இருக்கிறது என்ற இருப்புக் கணக்கு தொலைந்துபோனால், சரக்கு முழுவதும் உள்ளே இருந்தும் ஒன்றையும் எடுத்துக் கொடுக்க முடியாது. வைஸ் சிட்டியில் ‘ஐஎம்ஜி’ கோப்புதான் கிட்டங்கி. அதே பெயரோடு ‘டிர்’ என்று முடியும் சின்னக் கோப்பு அதன் இருப்புக் கணக்கு. இரண்டும் ‘மாடல்ஸ்’ என்ற கோப்புறையில் அருகருகே இருக்க வேண்டும்.

அந்த இருப்புக் கணக்கின் அமைப்பு மிக எளியது. ஒவ்வொரு பொருளுக்கும் 32 பைட்டுகள் (பைட் என்பது கோப்பின் அளவை எண்ணும் சிற்றலகு) கொண்ட ஒரு வரி உண்டு. முதல் 4 பைட்டுகள் அந்தப் பொருள் தொடங்கும் இடத்தையும், அடுத்த 4 பைட்டுகள் அதன் அளவையும் சொல்லும். மீதி 24 பைட்டுகள் அதன் பெயர். இடமும் அளவும் 2048 பைட்டுகள் கொண்ட கட்டங்களாகக் கணக்கிடப்படும். இதிலிருந்து உங்களுக்கு ஒரு சோதனையும் கிடைக்கிறது. டிர் கோப்பின் மேல் வலப்புறச் சொடுக்குச் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பகுதியில் அதன் அளவைப் பைட்டுகளில் பாருங்கள். அது 32ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். வகுபடவில்லையென்றால் கோப்பு பாதியில் அறுந்திருக்கிறது என்று முடிவு செய்யலாம்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். டிர் கோப்பை வேறு யாரிடமிருந்தாவது தனியாக வாங்கி ஒட்டவைக்காதீர்கள். உங்கள் அண்ணன் மகன் புதிய கார்களையோ உடைகளையோ சேர்த்திருந்தால், அவருடைய கிட்டங்கியில் சரக்கு இடம் மாறியிருக்கும். பழைய கணக்கு அதற்குப் பொருந்தாது, விளையாட்டு வேறொரு பொருளை எடுத்துக்கொண்டு மீண்டும் நின்றுவிடும். இரண்டையும் ஒரே கணினியிலிருந்து, ஒரே வேளையில் எடுத்து வாருங்கள். அடுத்து வந்த ‘சான் ஆண்ட்ரியாஸ்’ விளையாட்டில் இருப்புக் கணக்கை ஐஎம்ஜி கோப்பின் தலையிலேயே சேர்த்துவிட்டார்கள், ஆகையால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. ஆனால் வால்வ் நிறுவனத்தின் ‘டோட்டா 2’ போன்ற விளையாட்டுகளில் ‘விபிகே’ என்று முடியும் கோப்புகள் எண் வரிசையில் பல இருக்கும். அவற்றுள் பெயரின் கடைசியில் ‘டிர்’ என்று இருக்கும் ஒன்றுதான் மற்றவற்றின் கணக்கு. அளவைப் பார்த்துக் கோப்பின் மதிப்பை எடைபோடும் பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும்.

கேள்வி: 32 ஜிபி பென் டிரைவில் 25 ஜிபி காலியாக இருக்கிறது. ஆனால் 7 ஜிபி அளவுள்ள ஒரு விளையாட்டுக் கோப்பை ஏற்றினால், சேருமிடத்துக்குக் கோப்பு மிகப் பெரியது என்று விண்டோஸ் மறுக்கிறது. – ஒரு கல்லூரி மாணவர், ரங்கூன்

பதில்: உங்கள் பென் டிரைவ், கோப்புகளை அடுக்கி வைக்கும் பழைய முறையான ‘ஃபேட்32’ முறையில் அமைக்கப்பட்டிருக்கிறது. அந்த முறையில் ஒரு கோப்பின் அளவை எழுத 32 பிட் இடம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,294,967,295. ஆகவே ஒரு தனிக் கோப்பு 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவாகவே இருக்க முடியும், காலியிடம் எவ்வளவு இருந்தாலும் சரி. பென் டிரைவில் உள்ளவற்றை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு, ‘எக்ஸ்ஃபேட்’ முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். வீட்டிலுள்ள பழைய தொலைக்காட்சியோ கார் ஸ்டீரியோவோ புதிய முறையைப் படிக்காமல் போகலாம். அவற்றிலும் அதே பென் டிரைவைப் பயன்படுத்துகிறீர்களென்றால், ‘7-ஜிப்’ மென்பொருளால் அந்தக் கோப்பை 2 ஜிபித் துண்டுகளாக வெட்டி ஏற்றி, வீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாத் துண்டுகளும் ஒரே கோப்புறையில், பெயர் மாறாமல் இருக்க வேண்டும். முதல் துண்டை மட்டும் திறந்தால் போதும், மற்றவற்றை அதுவே தேடிக்கொள்ளும்.

கேள்வி: நண்பர் கொடுத்த சுருக்கக் கோப்பை விரிக்கும்போது ‘சிஆர்சி’ பிழை என்று வருகிறது. ஒருமுறை ஒரு கோப்பில் வருகிறது, மறுமுறை வேறொன்றில் வருகிறது. மறுபடியும் இணையத்தில் இறக்குவதென்றால் செலவு தாங்காது. – ஒரு வாசகர், மண்டலே

பதில்: உங்கள் கடிதத்தில் ‘மறுமுறை வேறொன்றில்’ என்று எழுதியிருப்பதுதான் மிகப் பயனுள்ள செய்தி. சிஆர்சி என்பது ஒவ்வொரு கோப்பின் பைட்டுகளிலிருந்தும் கணக்கிட்டு, சுருக்கும்போதே உள்ளே எழுதி வைக்கும் சரிபார்ப்பு எண். விரிக்கும்போது மீண்டும் கணக்கிட்டு, இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மென்பொருள் குறை சொல்கிறது. நண்பர் கொடுத்த கோப்பே பழுதாக இருந்தால், எத்தனை முறை முயன்றாலும் பிழை அதே இடத்தில்தான் வர வேண்டும். இடம் மாறுகிறதென்றால், ஒவ்வொரு முறையும் படிக்கப்படும் பைட்டுகளே மாறுகின்றன என்று பொருள். கோப்பின் மேல் பழி போடுவதை நிறுத்திவிட்டுக் கணினியின் நினைவகத்தைச் சோதியுங்கள். விண்டோஸிலேயே ‘மெமரி டயக்னாஸ்டிக்’ என்ற சோதனை இருக்கிறது. தேடுபெட்டியில் அந்தப் பெயரை எழுதினால் கிடைக்கும். இரண்டு நினைவகப் பலகைகள் (ரேம்) இருந்தால், ஒன்றைக் கழற்றிவிட்டு முயன்று, பிறகு மற்றதைக் கழற்றி முயலுங்கள். பலகை சரியாகப் பொருந்தாததாலும், அதன் பற்களில் அழுக்குப் படிந்ததாலும் இப்படி நேர்வதுண்டு. கழற்றித் துடைத்து மாட்டியதிலேயே குணமான கணினிகளைக் கண்டிருக்கிறேன். நினைவகத்தில் குறை இல்லையென்று தெரிந்தால், அடுத்ததாக வட்டின் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

பிழை ஒரே இடத்தில் வரும் வாசகர்களுக்கும் ஒரு சொல். மிக மலிவாகக் கிடைக்கும் 1 டிபி பென் டிரைவ்களில் சில, உள்ளே 32 ஜிபி மட்டுமே கொண்டவை. நிரம்பிய பிறகும் எழுதிக்கொண்டே போவதாகக் கணினியிடம் பொய் சொல்லும். ‘ஹெச்2டெஸ்ட்டபிள்யூ’ என்ற இலவச மென்பொருள், டிரைவ் முழுவதையும் எழுதிப் படித்துப் பார்த்து உண்மை அளவைச் சொல்லிவிடும். புதிய டிரைவ் வாங்கியவுடனேயே இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: எங்கள் கணினியில் பயனர் பெயரைப் பர்மிய எழுத்தில் வைத்திருக்கிறோம். புதிய விளையாட்டுகள் ஓடுகின்றன. பழைய விளையாட்டுகள் மட்டும், சேமித்த ஆட்டத்தைத் திறக்க முடியவில்லை என்கின்றன. கோப்பு கண்ணெதிரே இருக்கிறது! – ஓர் ஆசிரியை, தட்டோன்

பதில்: உங்கள் கண்ணுக்குத் தெரிகிற கோப்பு அந்த விளையாட்டின் கண்ணுக்குத் தெரியவில்லை அம்மா. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடு பரவலாவதற்கு முன் எழுதப்பட்ட நிரல்கள், கோப்புகளின் பெயர்களை விண்டோஸின் பழைய எழுத்துப் பட்டியல்கள் வழியாகவே கேட்கும். சீனத்துக்கும் அரபிக்கும் தாய் மொழிக்கும் அப்படிப்பட்ட பட்டியல்கள் உண்டு; பர்மியத்துக்கும் தமிழுக்கும் இல்லை. பட்டியலில் இல்லாத ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக விண்டோஸ் ஒரு கேள்விக்குறியைக் கொடுக்கிறது. கேள்விக்குறியோ விண்டோஸ் கோப்புப் பெயர்களில் தடை செய்யப்பட்ட குறி. ஆகவே உலகத்தில் இருக்கவே முடியாத ஒரு கோப்புறையை விளையாட்டு தேடுகிறது. கிடைக்கவில்லை என்று திரும்பிவிடுகிறது.

கட்டுப்பாட்டுப் பகுதியில் பயனரின் பெயரை மாற்றினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி மாற்றுவது திரையில் தெரியும் பெயரை மட்டுமே மாற்றும். ‘யூசர்ஸ்’ கோப்புறைக்குள் முதல் நாள் உண்டான கோப்புறையின் பெயர் பழையபடியே இருக்கும். ஆங்கில எழுத்துகளும் எண்களும் மட்டுமே கொண்ட பெயரில் புதிய பயனர் கணக்கு ஒன்றை உண்டாக்கி, சேமித்த ஆட்டங்களை அங்கே நகலெடுத்து, பழைய விளையாட்டுகளை அந்தக் கணக்கில் ஆடுவதே நிலையான தீர்வு. தாய்மொழியில் பெயர் வைத்தது தவறு என்று எண்ண வேண்டாம். தவறு அந்த நிரல்களை எழுதிய காலத்தினுடையது.

பர்மாவில் வாழும் நமக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2019 அக்டோபர் 1ஆம் தேதி நாடு அதிகாரப்பூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. அதற்கு முன் பல ஆண்டுகள், பர்மிய எழுத்துகளுக்குத் தனக்கென்று வேறு எண்களைக் கொண்ட ஜாஜி எழுத்துருவே எங்கும் வழங்கியது. ஜாஜியில் வைத்த கோப்புறைப் பெயரும் யூனிகோடில் எழுதிய அதே பெயரும் திரையில் ஒன்றுபோலத் தோன்றலாம், ஆனால் உள்ளே உள்ள எண்கள் வேறு. பர்மிய எழுத்தின் இடப்புறம் நிற்கும் எகரக் குறியை ஜாஜி மெய்யெழுத்துக்கு முன்பாகவும், யூனிகோடு அதற்குப் பின்பாகவும் பதிவு செய்கின்றன. நம் ‘கெ’ என்ற எழுத்திலும் இதே கதைதான்: பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் கொம்பை முதலில் தட்டினோம், யூனிகோடில் அது ககரத்துக்குப் பிறகு சேமிக்கப்படுகிறது. ஆகவே விளையாட்டின் அமைப்புக் கோப்பில் பழைய கணினியின் பாதை எழுதப்பட்டிருந்து, புதிய கணினியில் நீங்கள் கோப்புறையின் பெயரை மறுபடியும் தட்டச்சு செய்திருந்தால், இரண்டும் சந்திக்கவே மாட்டா. விளையாட்டுகளுக்கென்று டி வட்டில் எளிய ஆங்கிலப் பெயரில் ஒரு கோப்புறை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகள் ‘மைன்கிராஃப்ட்’ விளையாட்டின் ஜாவா பதிப்பில் இரண்டு வருடமாக ஒரு கோவிலையும் அதன் கோபுரத்தையும் கட்டி வந்தாள். போன வாரம் அவள் ஆடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றது; வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் கணினி அணைந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த உலகம் திறக்கவில்லை. அவள் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. ஏதாவது வழி உண்டா? – ஒரு தாய், பெகு

பதில்: வழி உண்டு அம்மா, நம்பிக்கையோடு இருக்கச் சொல்லுங்கள். முதலில், அந்த உலகத்தை மீண்டும் மீண்டும் திறந்து பார்க்க வேண்டாம். திறக்கும் ஒவ்வொரு முறையும் விளையாட்டு அதன்மேல் புதிதாக எழுதக்கூடும். ‘சேவ்ஸ்’ என்ற கோப்புறைக்குள் உலகத்தின் பெயரில் இருக்கும் கோப்புறையைப் பென் டிரைவில் நகலெடுத்து, அந்தப் பென் டிரைவைப் பத்திரமாக எடுத்து வைத்துவிடுங்கள்.

நடந்தது என்னவென்றால், விண்டோஸின் கோப்பு முறை தன் கணக்குகளை, அதாவது கோப்பின் பெயர், அளவு, இடம் ஆகியவற்றை, மின்சாரம் போனாலும் காக்கும் வகையில் குறித்து வைக்கிறது. கோப்புக்குள் இருக்கும் தரவுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகையால் மின்சாரம் போன கணத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு, அளவு சரியாகவே காட்டினாலும், உள்ளே வெறும் சுழிகளாக நிரம்பியிருக்கக்கூடும். மேலே சொன்ன ஹெச்எக்ஸ்டி மென்பொருளில் ‘லெவல்.டேட்’ என்ற கோப்பின் நகலைத் திறந்து பாருங்கள். நலமாக இருந்தால் முதல் இரண்டு பைட்டுகள் ‘1எஃப்’, ‘8பி’ என்று இருக்கும். கெட்டிருந்தால் எல்லாம் ‘00’ ஆக இருக்கும், அல்லது கோப்பின் அளவே சுழியமாக இருக்கும்.

கெட்டிருந்தால் கலங்க வேண்டாம். உலகத்தின் பெயர், அந்த உலகத்தை விளையாட்டு உண்டாக்குவதற்கு அடிப்படையான விதை எண், மகளின் கையிருப்பு போன்ற சிறு செய்திகளே அதில் இருக்கின்றன. கோபுரம் அங்கே இல்லை. விளையாட்டு ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் முந்தைய பிரதியை, பெயரின் கடைசியில் ‘ஓல்ட்’ என்று சேர்த்து, அதே இடத்தில் வைத்திருக்கும். கெட்ட கோப்பை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு, ஓல்ட் கோப்பின் பெயரை ‘லெவல்.டேட்’ என்று மாற்றித் திறந்து பாருங்கள். கோப்பின் பின்னொட்டுகளை விண்டோஸ் மறைத்திருந்தால், பெயர் மாற்றும்போது தவறு நேரும்; ‘வியூ’ பகுதியில் பின்னொட்டுகளைக் காட்டச் செய்துகொள்ளுங்கள்.

கோபுரத்தின் கற்கள் இருப்பது ‘ரீஜன்’ என்ற கோப்புறையில். அங்கே ‘எம்சிஏ’ என்று முடியும் ஒவ்வொரு கோப்பும் 512க்கு 512 கட்டங்கள் கொண்ட ஒரு நிலத்தைத் தாங்குகிறது. பெயரில் உள்ள இரண்டு எண்களும் அந்த நிலம் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்கின்றன. கோபுரம் நின்ற இடத்தின் எக்ஸ், இசட் எண்கள் மகளுக்கு நினைவிருந்தால், அவற்றை 512ஆல் வகுத்துக் கீழ்நோக்கி முழு எண்ணாக்குங்கள். எடுத்துக்காட்டாக எக்ஸ் 700, இசட் கழித்தல் 300 என்றால், எண்கள் 1, கழித்தல் 1 என்று வரும். அந்த இரண்டு எண்களும் பெயரில் உள்ள கோப்பே அவள் கோவில். மற்ற கோப்புகளில் ஏதாவது ஒன்று கெட்டு உலகம் திறக்காமல் நின்றால், நகலில் அதை மட்டும் வெளியே எடுத்துவிட்டுத் திறக்கலாம். விளையாட்டு அந்த நிலத்தை விதை எண்ணிலிருந்து புதிதாக உண்டாக்கிக்கொள்ளும், ஆனால் அங்கே கட்டியவை திரும்பி வாரா.

கோவில் இருக்கும் கோப்பே கெட்டிருந்தாலும் கதை முடிந்துவிடவில்லை. அதன் முதல் 8192 பைட்டுகள், மோல்மேன் வாசகருக்குச் சொன்ன இருப்புக் கணக்கைப் போன்றவை. அது மட்டும் சுழிகளாகி, பின்னால் தரவு இருந்தால், ஒவ்வொரு நிலத்துண்டும் தன் இடத்தைத் தனக்குள்ளேயே எழுதி வைத்திருப்பதால், நிரல் எழுதத் தெரிந்த ஒருவரால் அந்தக் கணக்கை மீண்டும் எழுதிவிட முடியும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பதாகவும், இருந்தும் கணினி அணைந்துபோனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மின்சாரம் நின்று பேட்டரிக்கு மாறும் சிறு இடைவெளியைக் கணினி தாங்குவதில்லை. இன்வெர்ட்டரின் முகப்பிலோ பின்புறத்திலோ ‘யுபிஎஸ்’ என்று குறித்த பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைப் போட்டு வையுங்கள், மாறும் நேரம் குறையும். இல்லையென்றால் கணினிக்கு மட்டும் சிறிய யுபிஎஸ் ஒன்று வாங்குவது நல்லது.

ரீஜன் கோப்புறையில் உள்ள கோப்புகளின் பெயர்களையும் அளவுகளையும், கோவில் கோப்பின் முதல் வரியில் ஹெச்எக்ஸ்டி காட்டும் எண்களையும் மகளையே ஒரு தாளில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த இதழுக்குக் காத்திராமல் நேரடியாகவே பதில் எழுதுகிறேன். அதுவரை பென் டிரைவில் இருக்கும் நகலை யாரும் தொட வேண்டாம்.